0.4 மில்லிமீட்டர்

நுரையீரல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து வேலை செய்கிறதா என்பதை ஸ்கேல் வைத்து அளந்துதான் தீர்மானிக்கிறார்கள். என் கணவருக்கு வியாதி வரும்வரை இது எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் ஸ்கேல்தான், ஆனாலும் ஸ்கேல். சி.டி. படத்தில் கட்டியின் நீளமான பக்கத்தில் ஒரு கோடு போடுகிறார்கள். கோடு 30 சதவிகிதம் குறைந்தால் மருந்து கேட்கிறது. 20 சதவிகிதம் கூடினால் 'புரொகிரஷன்'. நாம் முன்னேற்றம் என்றால் சந்தோஷப்படுவோம், இங்கே முன்னேறுவது வியாதி. இரண்டுக்கும் நடுவில் நின்றால் 'ஸ்டேபிள்'. 2000-ல் வகுத்து 2009-ல் திருத்திய இந்த விதிக்கு 'ரெசிஸ்ட்' என்று பெயர்.

இவருக்கு அளக்கிற மாதிரி இருந்தது ஒரே ஒரு கட்டி. முதல் ஸ்கேனில் 32 மில்லிமீட்டர். மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று மூன்று தடவை இம்யூனோதெரபி ஏற்றிய பிறகு 38. ரிப்போர்ட் 'ஸ்டேபிள்' என்றது. கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர் சும்மா இருப்பாரா? காரில் ஏறியதுமே மனக்கணக்கு போட்டுவிட்டார். "38.4 வந்திருந்தா மருந்து தோத்துப்போச்சுன்னு எழுதியிருப்பாங்க. அரை மில்லிமீட்டர்கூட இல்ல பாரு!"

டாக்டர் பொறுமையானவர். "இந்த மருந்துல சில பேருக்கு கட்டி பெருசான மாதிரி தெரியும்மா. நோய் எதிர்ப்பு அணுக்கள் உள்ளே போய்க் கூடுறதால வர்ற வீக்கமா இருக்கலாம். நுரையீரல்ல அது அபூர்வம்தான். ஆறு வாரம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் பார்த்துடலாம்" என்றார். ஆறு வாரம் என்றால் இன்னும் இரண்டு தடவை மருந்து. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஆறு வாரத்தில் என் மகள் தேடிப் படித்துச் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. சி.டி. படம் நம் கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத் தெரிந்தாலும், உள்ளே ஒவ்வொரு புள்ளியும் ஒரு எண். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. 1971-ல் இங்கிலாந்தில் முதல் நோயாளியை ஸ்கேன் செய்த இயந்திரத்தைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால்தான் இந்த அலகு. கட்டிக்குள் அந்த எண்கள் சீராக இருக்கின்றனவா, மேடும் பள்ளமுமாகச் சிதறியிருக்கின்றனவா என்று கண்ணால் கணிக்க முடியாது. கம்ப்யூட்டரால் முடியும். இதற்கு 'ரேடியோமிக்ஸ்' என்று பெயர். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில் நுரையீரல், தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த 1,019 பேரின் படங்களிலிருந்து 440 அம்சங்களைக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

எங்கள் விஷயத்துக்கு நெருக்கமானது அமெரிக்காவின் கிளீவ்லண்டில் நடந்தது. அங்கே கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் இருந்த அனந்த் மாதபூஷி குழுவினர், இம்யூனோதெரபிக்கு முன்னால் எடுத்த படத்தையும், இரண்டு மூன்று தடவை மருந்து ஏறிய பிறகு எடுத்ததையும் ஒப்பிட்டு 2019-ல் எழுதினார்கள். கட்டியின் அளவை விட்டுவிட்டு, அதன் உள்ளேயும் சுற்றியும் இழைநயம் எப்படி மாறியிருக்கிறது என்று பார்த்தார்கள். யாருக்கு மருந்து கேட்கும் என்பதற்கு அந்த மாற்றம் துப்பு கொடுத்தது. பிறகு கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய்களையும் ஆராய்ந்தார்கள். குழாய்கள் சிக்குப்பிடித்த நூல்கண்டு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு மருந்து அவ்வளவாகக் கேட்கவில்லை.

கேட்டதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "இது இங்க வந்தா நல்லதுதானே? கேட்காதுன்னு தெரிஞ்சா மூணாவது டெபாசிட்டை உடைக்க வேண்டாம். உனக்காவது மிஞ்சும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. நூறு பேரில் இத்தனை பேருக்குக் கேட்காது என்று கம்ப்யூட்டர் சொல்லலாம். என் வீட்டில் இருப்பது ஒருவர். அந்த எண்ணைக் காட்டி நாளைக்கு ஒரு இன்ஷூரன்ஸ்காரர் பணம் தர முடியாது என்றால்? அல்லது இவரே, என்னை மிச்சம் பிடிக்க வைப்பதற்காக வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டால்? அதே சமயம், கேட்காத மருந்தை மாதக்கணக்கில் ஏற்றிக்கொண்டு, வேறு மருந்துக்கான நேரத்தைத் தொலைப்பதும் கொடுமைதான். இந்த இரண்டில் எது பெரிய கொடுமை என்று இரண்டு ராத்திரி நாங்கள் சண்டை போட்டோம்.

டாக்டரிடமே கேட்டோம். இவருக்குச் சின்ன வயதில் காசநோய் வந்த தழும்பு மேல்பக்கம் இருக்கிறது. நம் ஊரில் நிறைய பேருக்கு இருக்கும் தழும்பு. "வெளிநாட்டுப் படங்களை வெச்சுப் பழகின கம்ப்யூட்டர் இதைப் பார்த்துக் குழம்பலாம். மெஷின் மாறினா, ஸ்லைஸ் கனம் மாறினா, அந்த எண்களும் மாறும். நம்ம நோயாளிங்ககிட்ட சரிபார்க்காம அதை நம்பி மருந்தை நிறுத்த மாட்டேன்" என்றார். ஒன்று மட்டும் செய்யச் சொன்னார்: ஒவ்வொரு முறையும் ஒரே மெஷினில் எடுங்கள், ஃபிலிமோடு சி.டி. தகட்டையும் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் இருப்பது படம் மட்டுமே, எண்களெல்லாம் தகட்டில்தான். இதைப் படிப்பவர்கள் வீட்டிலும் யாருக்காவது ஸ்கேன் எடுத்தால் கேட்டு வாங்கிவையுங்கள்.

இவர் நான்காவது, ஐந்தாவது டோஸுக்குச் சம்மதித்தார். ஆறு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் 34 மில்லிமீட்டர். ரிப்போர்ட்டில் மறுபடியும் அதே 'ஸ்டேபிள்'தான். இவர் தன் நோட்டில் தேதி போட்டு 34 என்று எழுதி, பக்கத்தில் ஆறாவது டோஸின் செலவை எழுதிக்கொண்டார். தகடுகள் ஐந்தும் பீரோவில் பத்திரப் பைக்குள் இருக்கின்றன.