எரியாத துணியும் எங்க ஊர் தண்ணியும்

"ஏலே, தீப்பெட்டியில இருக்கிற பாஸ்பரஸை வச்சா தீப்பிடிக்காத துணி செய்யப் போறே?"

எங்கள் ப்ராஜெக்ட் தலைப்பைக் கேட்டு மெக்கானிக்கல் நண்பன் ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

நண்பர்களே, பதில் அந்தத் தீப்பெட்டியிலேயே இருக்கிறது. ஒரு குச்சியை உரசி, ஊதி அணைத்துப் பாருங்கள். சாதாரணச் சுள்ளி என்றால் கங்கு நிற்கும். தீக்குச்சியில் நிற்காது. குச்சியைப் பாஸ்பேட் கரைசலில் முக்கிக் காயவைத்திருப்பார்கள். பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் சிவப்பு பாஸ்பரஸ் தீயை மூட்டும். குச்சிக்குள் இருக்கும் பாஸ்பேட் கங்கை அடக்கும். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஒட்டிய காசில் வளர்ந்தவன் நான். ஆனாலும் இது எனக்குத் தெரிந்தது இறுதியாண்டு டெக்ஸ்டைல் லேபில்தான்!

இந்தத் தலைப்பை நான் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியதற்கு வேறு காரணம் உண்டு. நான் ஏழாவது படிக்கும்போது அம்மாவின் முந்தானையில் விறகடுப்புத் தீ பிடித்துக்கொண்டது. நூல் சேலைதான். 'நைலான்தானே ஆபத்து, நூல் சேலைக்கு ஒண்ணும் ஆகாது' என்று நம்பிக்கொண்டிருந்த வீடு எங்களுடையது. பருத்தி எரிய 18 சதவீதம் ஆக்சிஜன் போதும். காற்றிலோ 21 இருக்கிறது. இதைப் புத்தகத்தில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா இன்றும் முழங்கை மறைக்கிற ஜாக்கெட்தான் போடுகிறாள்.

வேலை இதுதான். பருத்தி என்பது செல்லுலோஸ் என்கிற பாலிமர். அந்தச் சங்கிலியிலேயே பாஸ்பரஸைக் கோத்துவிட வேண்டும். டையமோனியம் பாஸ்பேட்டும் யூரியாவும் கலந்த கரைசலில் துணியை நனைத்து, பிழிந்து, உலர்த்தி, 160 டிகிரி ஓவனில் வைத்தோம். (இரண்டுமே உரக்கடைச் சரக்கு. "லேபா, வயக்காடா?" என்று கேலி வேறு!) அம்மோனியா நெடியில் கண் எரிந்தது. முதல் துண்டு மஞ்சளாகி, இழுத்ததும் அப்பளம் மாதிரி கிழிந்தது. சூடும் நேரமும் பிடிபட ஒரு மாசம் ஆயிற்று.

கடைசியில் ஒரு நாள் துண்டைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அடியில் 12 விநாடி தீ காட்டினோம். தீயை எடுத்ததும் அணைந்துவிட்டது! பாஸ்பரஸ் இங்கே தீயோடு சண்டை போடுவதில்லை. சூட்டில் அமிலமாக மாறி, செல்லுலோஸிலிருந்து தண்ணீரை உருவி, எரியும் வாயுவாகப் போக வேண்டியதைக் கரியாக அங்கேயே நிறுத்திவிடுகிறது. முதலாமாண்டில் வாயு விதிக்காக மனப்பாடம் செய்தோமே, அந்தக் கே-லுசாக், நாடகக் கொட்டகைத் துணிகளுக்காக அம்மோனியம் பாஸ்பேட்டைச் சோதித்து 1821-லேயே எழுதிவிட்டார். ஆனால் அது வெறும் உப்புப் பூச்சு, நனைத்தால் போய்விடும். எங்களுடையது சங்கிலியிலேயே பிணைந்தது, துவைத்தாலும் போகாது என்று மார்தட்டினோம்.

ஹாஸ்டல் போர் தண்ணியில் ஐந்து தடவை அலசிவிட்டு மறுபடி கொளுத்தினோம். குபுகுபுவென்று எரிந்தது.

யாரும் பேசவில்லை. சார்தான் "டிஸ்டில்டு வாட்டர்ல அலசிப் பாத்தீங்களாடா?" என்றார். அதில் அலசிய துண்டு எரியவில்லை! பாஸ்பரஸ் எங்கேயும் போய்விடவில்லை. அதோடு ஒட்டியிருந்த அம்மோனியம் இறங்கிக்கொள்ள, உப்புத் தண்ணியிலிருந்த கால்சியம் அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கால்சியம் உட்கார்ந்த பிறகு சூட்டில் அந்த அமிலம் பிறப்பதில்லை. இதைத் தவிர்க்க, டிஎச்பிசி என்ற பாஸ்பரஸ் சேர்மத்தை நூலுக்குள் ஏற்றி, அம்மோனியா வாயுவால் அங்கேயே வலைப்பின்னலான பாலிமராக்கும் முறை இருக்கிறது. வெல்டர்களின் உடுப்புக்கு அப்படிச் செய்கிறார்கள். அதற்கான வசதி நம் லேபில் இல்லை.

ரிப்போர்ட்டில் தோல்வியையும் சேர்த்தே எழுதினோம்.

மிச்சமிருந்த ஒரு துண்டை அம்மாவிடம் கொடுத்தேன். "இதை நம்பி அடுப்புகிட்ட நிக்காதம்மா, நம்ம ஊர் தண்ணிக்கு இது தாங்காது" என்று விளக்கமும் சொன்னேன். சோற்றுப்பானை இறக்கும் பிடிதுணியாக வைத்திருக்கிறாள். போன தீபாவளிக்குப் போனபோது கொல்லையில் ஒரு வாளி மூடி வைத்திருந்தது. என்ன என்று கேட்டேன்.

"மழைத்தண்ணிய்யா. ஒன் துணிய அலச."