எர்த் நல்லா இருக்குதுங்களா?

கோபிசெட்டிபாளையம் மொடச்சூர் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தப் பட்டறை. முன்பகுதியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை: டைனமோ, செல்ஃப் மோட்டார், ஹாரன், ஒயரிங். பின்பகுதியில் ஒரு மர மேசை. முன்பகுதியை நடத்தும் இளைஞரின் பெரியப்பாவுக்குச் சொந்தமானது அந்த மேசை. வால்வு ரேடியோ காலத்திலிருந்து ரிப்பேர் பார்த்தவர் அவர். ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலி உரிமமும் வைத்திருக்கிறார். வண்டியில் வயர்லெஸ் செட்டைப் பொருத்தி, சோதித்து, ட்யூன் செய்யத் தெரிந்த ஆட்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்களா என்று விசாரித்தபோது, இந்த மேசையைத்தான் காட்டினார்கள்.

மேசை மேல் கிடந்தது ஒரு பழைய சி.பி. செட். அமெரிக்காவில் லாரிக்காரர்கள் ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டி வைத்துப் பேசிய ரகம். 27 மெகாஹெர்ட்ஸில் பொதுமக்களுக்கான அந்தச் சேவை அங்கே 1958இல் தொடங்கியது. 1973 எண்ணெய் நெருக்கடியில், எந்த பங்கில் டீசல் கிடைக்கும், எந்த வளைவில் போலீஸ் நிற்கிறது என்று ஓட்டுநர்கள் இதில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். கூட்டம் பெருகி, 1977இல் 23 சேனல் 40 ஆனது.

நம் நாட்டிலும் அந்த அலைவரிசையில் ஒரு பகுதி உரிமம் இல்லாமல் பேசத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்குள், 2005ஆம் ஆண்டு விதிகளின்படி. ஆனால் ஆண்டெனா செட்டோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிறது விதி. இரும்புக் கூண்டான ஒரு லாரிக்குள் உட்கார்ந்துகொண்டு, செட்டிலேயே இருக்கும் ஆண்டெனாவால் எவ்வளவு தூரம் பேசிவிட முடியும்? கொங்கு நாட்டைப்போல இத்தனை லாரிகள் ஓடும் ஒரு வட்டாரத்தில் இந்த வானொலி வேரூன்றாமல் போனதற்கு இந்த ஒரு வரியும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறுகிறவர்களுக்குத் தெரியும், 27 கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனை இடங்களில் செல்போன் கைவிடும் என்று. அங்கே மேலே ஏறும் வண்டியும் கீழே இறங்கும் வண்டியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பெரியவர் வேறு வழியில் போயிருக்கிறார். ஹாம் உரிமம் உள்ளவர்களுக்கு 28 முதல் 29.7 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் உண்டு. செட்டுக்குள் இருக்கும் கிரிஸ்டலை மாற்றி, மொத்த 40 சேனலையும் 28க்கு மேல் ஏற்றிவிட்டார். செட்டுக்காரரும் தேர்வெழுதி உரிமம் வாங்கியவர்தான். டி.என்.பாளையம் பக்கம் தோட்டம், ஓட்டுவது பழைய மஹிந்திரா டீசல் ஜீப்.

பழைய செட் வந்தால் முதலில் கரண்ட் கொடுக்கக் கூடாது என்பது இந்த மேசையின் முதல் பாடம். மூடியைக் கழற்றி மோந்து பார்த்தார். கருகிய வாடை இருந்தது. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ தாமிரக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். பேட்டரிக்கும் செட்டுக்கும் நடுவில் ஒரு ஹெட்லைட் பல்பை சீரிஸாகப் போட்டார். செட் நன்றாக இருந்தால் பல்பு மினுக்கென்று எரிந்து மங்க வேண்டும். இது பளீரென்று எரிந்து அப்படியே நின்றது.

“பாத்தீங்களா? உள்ள ஷார்ட்டு. பிளஸ், மைனஸ மாத்திக் குடுத்திருக்கறாங்க. இல்லீன்னா 24 வோல்ட் லாரில மாட்டியிருக்கறாங்க.”

கரண்ட் நுழையும் இடத்திலேயே ஒரு டயோடு இருக்கும். ஒயரை மாற்றிக் கொடுத்தால் மற்ற பாகங்களைக் காப்பாற்றிவிட்டுத் தான் போய்விடும். அதை எடுத்துவிட்டு வேறொன்றை ஈயம் வைத்துப் பத்தவைத்தார். ஃபியூஸையும் சரியானதாகப் போட்டார். இப்போது பல்பு மங்கியது, ஸ்பீக்கரில் இரைச்சல் வந்தது. வால்யூமைத் திருப்பும்போது வந்த கரகரப்பு ஒரு சொட்டு கிளீனரில் போயிற்று. உப்பியிருந்த இரண்டு கண்டன்சர்களை மாற்றினார்.

அதன் பிறகுதான் டம்மி லோட். ஆண்டெனாவுக்குப் பதில் மாட்டும் 50 ஓம் சுமை அது. வெளியே அலை போகாமல் சோதிக்கலாம். வாட் மீட்டர் இரண்டரை காட்டியது. அலைவரிசை மேலே ஏறியதால் உள்ளே இருக்கும் காயில்களை அதற்கேற்பத் திருப்ப வேண்டும். சிறு உலோக டப்பாக்களுக்குள் ஃபெரைட் கோர். சாக்பீஸ் மாதிரி நொறுங்கும். இரும்பு ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டால் காயிலின் குணமே மாறிவிடும். பிளாஸ்டிக் குச்சியைச் சீவி அவரே செய்துகொண்ட திருப்புளி வைத்திருக்கிறார். கால் சுற்று, மீட்டரைப் பார்ப்பது, மறுபடி அரைக்கால் சுற்று. ஒவ்வொரு கோரும் முதலில் எந்த நிலையில் இருந்தது என்று மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்திருந்தார். மூன்றே முக்கால் வாட்டில் கையை எடுத்துவிட்டார்.

இன்னும் ஏற்ற முடியாதா என்று கேட்டேன்.

“ஏத்தலாமுங்க. பக்கத்து ஊட்டு டிவில உங்க பேச்சு கேக்கும். பேச்சும் கொழகொழன்னு போகும். திருகாணி இருக்குதுன்னு எல்லாத்தையும் திருகக் கூடாதுங்க.”

இரண்டாம் கை செட்டுகளில் பாதி இப்படி வாட் ஆசையில் கெடுக்கப்பட்டவையாம். அவருக்கு அதில் உண்மையான கோபம் இருக்கிறது.

ஜீப்புக்குப் போனோம். பின்பக்க பம்பரில் ஒரு தாங்கி, அதில் அடியில் லோடிங் காயில் வைத்த ஆண்டெனா. இந்த அலைவரிசைக்கு முழுக் கால் அலைக் கம்பி வேண்டுமானால் எட்டடிக்கு மேல் நீளம் வரும். வேப்ப மரத்துக்கடியில் வண்டி போக முடியாது, அதனால் காயில் வைத்துக் குறைப்பது. செட்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர். அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆண்டெனா ஏற்காமல் திரும்பி வருகிறது என்று அது சொல்லும். 3 என்றால் நாலில் ஒரு பங்கு திரும்புகிறது. 1.5 என்றால் நூற்றுக்கு 4தான்.

முதல் சேனல், நடுச் சேனல், 40ஆம் சேனல் என்று மூன்று இடத்திலும் முள் மூன்றைத் தாண்டி நின்றது. இளைஞர் கட்டிங் பிளேயரை எடுத்தார்.

“பெரீப்பா, கம்பியக் கொஞ்சம் வெட்டிப் பாக்கலாமுங்களா?”

“இருடா கண்ணு. எர்த் நல்லா இருக்குதான்னு பாத்தியா?”

அந்த ஒரு கேள்விக்குள் இந்தத் தொழில் பாதி அடங்கிவிடுகிறது. மேல் முனைச் சேனலில் மட்டும் அதிகம் காட்டினால் கம்பி நீளம். கீழ் முனையில் மட்டும் அதிகம் காட்டினால் குட்டை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மோசமாக இருந்தால் குறை கம்பியில் இல்லை, எர்த்திலோ கேபிளிலோ இருக்கிறது. வண்டியில் நிற்கும் கம்பி ஆண்டெனாவின் ஒரு பாதிதான். மறு பாதி வண்டியின் உடம்பு. தாங்கியைக் கழற்றினால் அடியில் பெயின்ட், அதற்கடியில் துரு. போல்ட் இறுகித்தான் இருந்தது, இரும்போடு இரும்பு தொடவில்லை. உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கி, மேலே கிரீஸ் தடவினார்கள். அதோடு விடவில்லை. ஜீப்பின் பாடி சேஸின் மேல் ரப்பர் புஷ்களில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதனால் பாடிக்கும் சேஸுக்கும் நடுவில் ஒரு பின்னல் தாமிரப் பட்டையைப் போல்ட் போட்டு இணைத்தார்கள். பானட்டுக்கும் ஒன்று.

மறுபடி மீட்டர். கீழே 1.4, நடுவில் 1.7, மேலே 2.3. இப்போதுதான் கம்பி தன் குறையைச் சொன்னது: சற்று நீளம். அப்போதும் வெட்டவில்லை. ஆலன் சாவியால் தளர்த்தி, கம்பியைக் காயிலுக்குள் ஒரு நகக்கண் அளவு இறக்கினார். ஒவ்வொரு முறையும் கதவுகளைச் சாத்தி, ஆட்களை எட்டி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் அளந்தார். பக்கத்தில் நின்றாலே முள் மாறுகிறது. கடைசியில் 1.6, 1.2, 1.5.

கம்பத்து ஒயர்களின் இரைச்சல் இல்லாத இடம் வேண்டுமென்று தடப்பள்ளி வாய்க்கால் கரையோரம் வண்டியை ஓட்டிப் போனோம். இருபுறமும் நெல் வயல். 28.200 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில் வைத்து கிளாரிஃபையரை மெல்லத் திருப்பினார். உலகம் முழுக்க 18 இடங்களிலிருந்து முறை வைத்து, ஆளுக்குப் பத்து விநாடி மோர்ஸ் ஒலிக்கும் வழிகாட்டி நிலையங்கள் அங்கே உண்டு. மூன்று நிமிடத்துக்கொரு முறை ஒரு சுற்று முடியும். அதில் பக்கத்திலிருக்கும் கொழும்பின் முறை வந்து எதுவும் கேட்காமல் போனது. “இப்படி நடுத் தூரத்துல இருக்கறது நம்ம தலைக்கு மேல தாண்டிப் போயிருமுங்க,” என்றார். பிறகு மெல்லிய, ஆனால் தெளிவான டிட் டா. அவர் விரலால் தொடையில் தட்டியபடி எழுத்துகளைச் சொன்னார்: ஜேஏ2ஐஜிஒய். ஜப்பான். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, வானத்தின் அயனி மண்டலத்தில் தெறித்துத் தெறித்து இந்த வாய்க்கால் கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எனக்குப் புல்லரித்தது, மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

இப்படித் தொலைவு தாண்டும் அலைக்கு ஒரு பயன் உண்டு. 2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது, போர்ட் பிளேருக்கு ஹாம் வானொலித் தொடர்புக்காகப் போயிருந்த பாரதி பிரசாத்தின் குழுதான் அந்தமானிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி கடத்தியது. அன்று பயன்பட்டவை முன்கூட்டியே சோதித்து, ட்யூன் செய்து தயாராக வைத்திருந்த செட்டுகள். தேவை வந்த பிறகு எர்த்தைத் தேட நேரம் இருக்காது.

வாய்க்கால் கரையிலிருந்தே பெரியவர் சத்தியமங்கலத்தில் இருந்த நண்பரை அழைத்தார். பதில் வந்தது, குரல் தெளிவு, ஆனால் பின்னால் ஒரு விசில் சத்தம் என்றார் அவர். எஞ்சின் வேகம் கூடக் கூட விசிலும் ஏறியது. ஆல்டர்னேட்டர். செட்டுக்குக் கரண்ட் டேஷ்போர்டு ஃபியூஸிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. பட்டறைக்குத் திரும்பி, பேட்டரி முனையிலிருந்தே தனி ஒயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்தார் இளைஞர். அது அவருடைய வேலை, பெரியப்பா குறுக்கிடவில்லை. விசில் நின்றது.

மூன்று மீட்டர் அளவுகளையும், தேதியையும், காயிலில் கம்பி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதையும் ஒரு அட்டையில் எழுதி கிளவ் பாக்ஸின் உள்மூடியில் ஒட்டினார்கள். ஜீப்காரர் கூலி கேட்டார். கேபிளுக்கும் கனெக்டருக்கும் கண்டன்சருக்கும் மட்டும் பெரியவர் கணக்குச் சொன்னார். வேலைக்கும் வாங்குங்கள் என்று நான் வற்புறுத்தினேன். அந்த இளைஞருக்கு இது தொழிலாக நிற்க வேண்டும் என்றால் கூலி வாங்கித்தான் ஆக வேண்டும். அவர் யோசித்துவிட்டு, “சரிங்க, எர்த் கட்டுன கூலிய அவங்கிட்டக் குடுத்துருங்க,” என்றார்.