அறுபத்து நான்காம் கட்டத்து அரிசி

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஓர் அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கதையை நீங்கள் அனைவரும் கேட்டிருப்பீர்கள். கண்காட்சிக்காக அந்தக் கணக்கைப் பெரிய அட்டையில் எழுதும்படி சிஸ்டர் என்னையும் என் தோழியையும் பணித்தார்கள்.

அவள் இரண்டு இரவு கண்விழித்துக் கையாலேயே பெருக்கினாள். நானோ கணினி அறைக்கு ஓடினேன். லினக்ஸில் பாஷ் என்னும் ஷெல் இருக்கிறதல்லவா? அதில் எக்கோ கட்டளையுடன் $((1<<1)) என்று கொடுத்தால் 2 வரும். $((1<<2)) என்றால் 4. ஒன்று என்ற பிட்டை இடப்புறம் நகர்த்த நகர்த்த எண் இரட்டிக்கும். அரை மணியில் முடித்து அட்டையிலும் எழுதிவிட்டேன்.

"கடைசிக் கட்டத்தில் மைனஸ் போட்டிருக்கிறாயே, அரிசி எப்படியடி மைனஸில் வரும்?" என்றாள் தோழி.

"கணினி தவறாது. நீதான் குறியை விட்டிருப்பாய்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சிஸ்டர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "மறுபடி சோதித்துப் பார்" என்றார்கள், அவ்வளவுதான்.

$((1<<62)) சரியாகவே 4611686018427387904 என்றது. $((1<<63)) தான் -9223372036854775808. தோழியின் விடையும் இதே இலக்கங்கள், மைனஸ் மட்டும் இல்லை! பாஷ் கணக்கிடுவது 64 பிட்டுகளில்; இடக்கோடியில் உள்ள பிட் குறிக்கு உரியது. என் ஒன்று நகர்ந்து நகர்ந்து அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. அளவு மீறியதென்று பாஷ் ஓர் எச்சரிக்கைகூடத் தரவில்லை.

இன்னும் ஓரிடம் நகர்த்தினால் அது வெளியே விழுந்து 0 வரவேண்டுமே? $((1<<64)) என்று கொடுத்தேன். வந்தது 1! நகர்த்தும் எண்ணில் கடைசி ஆறு பிட்டுகளையே அந்தக் கணினியின் செயலி பார்க்கிறதாம். 64 இன் கடைசி ஆறு பிட்டுகளும் சுழியம். ஆகவே அது நகர்த்தவே இல்லை. சி மொழி இதற்கு விதி வகுக்காததால் எல்லாக் கணினியிலும் இப்படித்தான் வரும் என்று நம்பவும் முடியாது. பலகையின் மொத்த அரிசிக்காக $(((1<<64)-1)) கேட்டேன். 0 என்றது. ஓர் அரிசிகூட இல்லை! வலப்புறமும் விடவில்லை: $((-7/2)) என்றால் -3, $((-7>>1)) என்றால் -4.

மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அட்டையில் அந்தக் கட்டத்தின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, பேனாவை அவளிடம் நீட்டினேன். சற்று நேரம் வாங்கவில்லை. பிறகு வாங்கி, நோட்டைப் பாராமலே 9223372036854775808 என்று எழுதினாள். அடியில் மொத்தம் 18446744073709551615 என்றிருந்ததும் அவள் கையெழுத்தே.