மறுக்கா 'கரண்ட்'

கடந்த மாதம் இரத்தினபுரிக்கு அருகே தோட்டமொன்றில், உறவினர் வீட்டு விசேஷமொன்றுக்குச் சென்றிருந்தேன். பக்கத்து லயத்தின் திண்ணையில், சுவரில் சாய்ந்தபடி ஓர் அம்மா அமர்ந்திருந்தார். கொழுந்து பறித்து ஓய்ந்தவர். மார்பகப் புற்றுநோய் முள்ளந்தண்டுக்குப் பரவி, ஓராண்டுக்கு முன்னர் மகரகமவில் கதிர்வீச்சுப் பெற்று வலி தணிந்திருந்தாராம். இப்போது அதே இடத்தில் மீண்டும் வலி.

முதன்முறை, கூடை சுமந்த முதுகு வலிக்கத்தானே செய்யும் என்று மாதக்கணக்கில் பொறுத்திருந்தவர் அவர். இம்முறை சொன்ன காரணம் வேறு.

"ஒருக்கா கரண்ட் பிடிச்ச எடத்துல மறுக்கா பிடிக்க ஏலாதுங்க ஐயா."

இந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லாமலில்லை. முண்ணாண் தாங்கக்கூடிய கதிர்வீச்சுக்கு எல்லை உண்டு. அதை மீறினால் கால்கள் செயலிழக்கலாம். ஆனால் காலம் செல்லச் செல்ல முண்ணாண் தேறுகிறது. குரங்குகளில் கியான் ஆங் குழுவினர் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வு, முதற் சிகிச்சையின் பாதிப்பில் பாதிக்கு மேல் ஓராண்டுக்குள் சீராவதைக் காட்டியது. எனவே முன்னர் கொடுத்த அளவையும் இடைப்பட்ட மாதங்களையும் கணக்கிட்டே மருத்துவர்கள் இரண்டாம் முறையைத் தீர்மானிக்கின்றனர். பழைய கிளினிக் கொப்பியைப் பத்திரப்படுத்த வேண்டியது இதனாற்றான்.

என்புக்குப் பரவிய புற்றுநோயால் வலி திரும்பிய 850 பேரிடம் நடந்த பன்னாட்டு ஆய்வொன்று 2014இல் 'லான்செட் ஒன்கொலஜி'யில் வெளியானது. ஒரே தடவையில் 8 கிரே பெற்றவர்களும், பல நாட்களில் 20 கிரே பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு நிவாரணமே கண்டனர். ஒரு தடவை பெற்றவர்களுக்குப் பக்கவிளைவு குறைவு. எல்லோருக்கும் பலன் கிட்டவில்லை என்பதையும் மறைக்கலாகாது; முறைப்படி சிகிச்சை பெற்று மதிப்பிடப்பட்டவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கே வலி தணிந்தது.

மருத்துவர்களுக்கு இது அளவுக் கணக்கு. லயத்திலோ இது 'பேர்' கணக்கு. ஐந்து நாள் சிகிச்சையென்றால், துணைக்குப் போகும் மகளுக்கும் ஐந்து நாள் பேர் விழாது. ஒரு நாளென்றால், ஏ4 வீதியில் பஸ் ஏறி மகரகமவில் இறங்கித் திரும்பலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன்: கால் தளர்ந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமற் போனாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நடை நின்றபின் அதை மீட்பது கடினம்.

கேட்டுக்கொண்டிருந்த மகள் உள்ளே சென்று, பொலித்தீன் பையில் சுற்றியிருந்த கொப்பியை எடுத்து வந்தாள்.

"ஒரு நாளுதானுங்களா, ஐயா?" என்றார் அம்மா.

"அதை டொக்டர்தான் சொல்லவேண்டும், அம்மா. கேட்டுப் பாருங்கள்" என்றேன்.