ஓலைப் பெட்டியில் ஒரு கடற்கரை

கடலோரக் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு என்ன கொடுத்தனுப்புவது? பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களிடம் இதற்குப் பழைய விடை ஒன்று இருக்கிறது.

தமிழ்நாட்டின் மேற்குக் கடற்கரை நீரோடியில் முடிகிறது. அதைத் தாண்டினால் கேரளத்தின் தென்கோடி மீனவர் பகுதியான பொழியூர். நடுவே மணலில் கோடு எதுவும் கிடையாது. உள்ளே, தேசிய நெடுஞ்சாலையில், களியக்காவிளையைக் கடந்ததும் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடுகிறது. பேச்சு அத்தனை சீக்கிரம் மாறுவதில்லை. பாறசாலையில் தமிழில் விலை கேட்டால் மலையாளத்தில் பதில் வரும். பேரம் இரண்டிலும் நடக்கும். கல்யாணப் பந்தியில் இலையில் போளியைப் பிய்த்துப் போட்டுப் பால்பாயசத்தை ஊற்றிப் பிசையும்போது, யார் எந்த மாநிலம் என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைப் பகுதியையும் கேட்டுத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. கடைசியில் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கியது. கோடு போட்டாயிற்று. ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் அந்தக் கோட்டைப் பொருட்படுத்தவே இல்லை.

இப்போது இந்தப் பக்கத்துக்கு வேறொரு வகைக் கல்யாணமும் வந்து சேர்ந்திருக்கிறது. நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறில் ஒரு புறம் காயல், மறு புறம் கடல், நடுவே மணல்திட்டு. அங்கே ரிசார்ட்டுகள் வந்த பிறகு, வெளியூர்க்காரர்கள் மணலில் வெள்ளைத் துணிப் பந்தல் போட்டு, அலைச் சத்தத்தில் மாலை மாற்றிக்கொள்ள வருகிறார்கள். அழைப்பிதழில் சிப்பிப் படம், மேடையில் மீன் வலை, மேஜைமேல் சங்கு. 'பீச் தீம்' என்று அதற்குப் பெயர்.

பொழியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கைதான். அவர்களுக்குக் கடற்கரை என்பது கரமடி இழுக்கும் இடம். வலை பொத்தும் இடம். மீன் காயப்போடும் இடம். கல்யாணம் தேவாலயத்தில். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்தபோது, கடலுக்குப் போனவர்கள் திரும்பி வருவார்களா என்று இரு மாநிலத்துப் பெண்களும் காத்து நின்றதும் இதே மணலில்தான். கடலரிப்பு வீடுகளைத் தின்றிருப்பதும் இங்கேதான். கடல் இங்கே அலங்காரப் பொருளாக ஒருநாளும் இருந்ததில்லை.

அதனால்தான் 'வந்தவர்களுக்கு என்ன கொடுத்தனுப்புவது' என்ற சின்னக் கேள்விக்கு இந்த ஊரில் கொஞ்சம் கனம் கூடுகிறது. தமிழ் வீட்டுக் கல்யாணம் என்றால் தாம்பூலப் பை. மலையாளி வீட்டில் ஒரு எலுமிச்சம்பழம். கிறிஸ்தவ வீட்டில் கேக் துண்டு. கடற்கரைக் கல்யாணக்காரர்களுக்கு இவை போதுவதில்லை. கடலை நினைவூட்டும் ஏதாவது வேண்டும். கடையில் ரெடிமேடாகக் கிடைப்பவை: காய்ந்த நட்சத்திர மீன், பவளத் துண்டு, சிப்பி ஒட்டிய சட்டம், குட்டி பாட்டிலில் மணல்.

இவற்றில் சிலவற்றைக் கொடுப்பது சட்டப்படியே தவறு. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் 2001இல் பவளங்களும், கடல் குதிரையும், 24 வகைச் சங்கு-சிப்பி இனங்களும் சேர்க்கப்பட்டன. 2022இல் அட்டவணைகள் மாற்றி அமைக்கப்பட்ட பிறகும் பவளத்துக்கும் கடல் குதிரைக்கும் பாதுகாப்பு தொடர்கிறது. தடையில்லாத சிப்பிகளும் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் தட்டில் குவித்து வைத்த சிப்பிகளில் எது எந்த இனம் என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு எப்படித் தெரியும்? காலி ஓடுகூட வீணானதல்ல. துறவி நண்டுக்கு அதுதான் வீடு.

மணல் பாட்டிலின் கதை இன்னும் சுவையானது. தமிழர்கள் அறிந்த மிகப் பழைய கடற்கரைக் கல்யாணம், நடக்காமல் போன ஒன்று. கன்னியாகுமரியில் தவமிருந்த தேவிக்கும் சுசீந்திரத்து ஈசனுக்கும் நள்ளிரவு முகூர்த்தம். நாரதர் சேவலாகக் கூவ, பொழுது விடிந்துவிட்டதென்று மாப்பிள்ளை பாதி வழியில் திரும்பிவிட்டார். சமைக்காமல் கிடந்த அரிசியும் பருப்பும்தான் கரையில் பல நிற மணலாகக் கிடக்கின்றன என்பது ஐதீகம். அந்த மணலைப் பொட்டலம் கட்டி யாத்ரீகர்களுக்கு விற்பது அங்கே வெகுகால வழக்கம். முடியாத கல்யாணத்துக்கும் ஒரு கைப்பரிசு!

அந்த நிறங்களுக்கு விஞ்ஞானம் வேறு காரணம் சொல்கிறது. கறுப்பு, இல்மனைட்; சிவப்பு, கார்னெட்; மஞ்சள் கலந்த பழுப்பு, தோரியம் பொதிந்த மோனசைட். 1909இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இந்தக் கரையின் மோனசைட்டை அடையாளம் கண்டது ஒரு தற்செயல். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்குத் துப்புக் கொடுத்தது. அன்றைக்குக் கடல் கடந்து போன சரக்கு கயிறு. மணல் அதில் தொற்றிக்கொண்டு போனது.

கல்யாணக்காரர்களுக்கான வழியும் அதில்தான் இருக்கிறது. கடலை நினைவூட்டக் கடலையே அள்ளிக் கொடுக்க வேண்டியதில்லை. கடலோரத்துக் கை என்ன செய்கிறதோ அதைக் கொடுத்தால் போதும். இந்த எல்லையில் அப்படிப்பட்ட பொருள்கள் நான்கு: பனையோலை, தென்னங்கயிறு, சிரட்டை, கைத்தறித் துணி.

துணிக்கு வெகுதூரம் போக வேண்டாம். நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலேயே பலராமபுரம் இருக்கிறது. 1798 முதல் 1810 வரை ஆண்ட பலராம வர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியமர்ந்த சாலியர்கள் தொடங்கிவைத்த நெசவு அது. குழித்தறியில் நெய்யும் அந்தப் பருத்தித் துணி புவிசார் குறியீடு பெற்றது. கசவுக் கரை போட்ட துண்டு ஒன்றை நான்காக வெட்டி ஓரம் தைத்தால் நான்கு சுருக்குப் பைகள். சிரட்டை இன்னும் மலிவு, சமையலறையிலேயே விழுகிறது. நாரைச் சுரண்டி, உப்புத்தாளால் உள்ளும் புறமும் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவி நாலு நாள் வைத்தால் கருங்காலி போல மின்னும். உள்ளே மெழுகு ஊற்றித் திரி நட்டால் விளக்கு.

என்றாலும் தலைமை இடம் ஓலைப் பெட்டிக்குத்தான். பனை இந்த எல்லையின் இரு பக்கத்துக்கும் பொது. பதநீருக்கு இங்கே 'அக்கானி' என்று பெயர். அதைக் காய்ச்சினால் கருப்புக்கட்டி. ஓலையில் கடகம், பெட்டி, விசிறி, பாய். கருப்புக்கட்டியைப் போட்டு வைத்ததும் ஓலைப் பெட்டியில்தான். சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம் போனதும் அதில்தான். செட்டிநாட்டில் கொட்டான் என்றும், தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் மூடி போட்ட வண்ணப் பெட்டி என்றும் இதே கைவேலை வேறு உருவில் பிழைத்து வருகிறது.

செய்முறை கடினமில்லை, பொறுமை வேண்டும். விரியாத குருத்தோலையை வாங்கி வெயிலில் போட்டால் சில நாளில் பச்சை வெளுத்துத் தந்த நிறமாகும். ஈர்க்கை நீக்கி, அரை அங்குல அகலத்தில் நறுக்கி, பின்னுவதற்கு முன் ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். காய்ந்த ஓலை மடக்கினால் முறியும். கடல் நீலம் வேண்டுமென்றால் கொதிக்கும் சாயநீரில் பாதி ஓலையை முக்கி எடுத்து நிழலில் உலர்த்தலாம். நான்கு அங்குலப் பெட்டிக்கு நெடுக்கே எட்டு, குறுக்கே எட்டு. ஒன்று மேலே ஒன்று கீழே என்று பின்னி அடிப்பாகம் முடிந்ததும், அதே அளவு மரக்கட்டை ஒன்றை நடுவில் வைத்து ஓலையைச் சுற்றிலும் மடக்கிச் சுவர் எழுப்ப வேண்டும். விளிம்பில் நுனிகளை உட்புறம் மடித்துச் செருகினால் பெட்டி. கட்டையைச் சுற்றி ஒரு துணி மடிப்பு சேர்த்துப் பின்னினால் சற்றே பெரிதாக வரும்; அதுதான் மூடி. மேலே மெல்லிய தென்னங்கயிற்றில் ஒரு சுருக்கு. பழக்கமில்லாத கைக்கு முதல் பெட்டி ஒரு மாலைப்பொழுதைத் தின்றுவிடும். பத்தாவது பெட்டியில் விரல் தானாக நடக்கும்.

உள்ளே என்ன வைப்பது என்பதற்கும் ஊரிலேயே பதில் உண்டு. தென் திருவிதாங்கூரின் முந்திரிக்கொத்து. பெயரில்தான் முந்திரி; உள்ளே இருப்பது சிறுபயறு. பயறை வறுத்துப் பொடித்து, சிவக்க வறுத்த தேங்காய்த் துருவல், ஏலம், சுக்கு சேர்த்துக் கருப்புக்கட்டிப் பாகில் கிளறி, சூடு ஆறுமுன் உருண்டை பிடிக்க வேண்டும். உருண்டை இறுகியதும் மூன்று மூன்றாகச் சேர்த்து, மஞ்சள் கலந்த அரிசி மாவுக் கரைசலில் முக்கித் தேங்காய் எண்ணெயில் பொரித்தால், திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். தேங்காயில் ஈரம் இல்லாவிட்டால் ஒரு வாரத்துக்கு மேல் கெடாது. ரயிலில் சென்னைக்கோ மும்பைக்கோ கூடப் போகும். பெட்டிக்குள் வாழைச் சருகு விரித்துவிட்டால் எண்ணெய் ஓலையில் இறங்காது.

சருகு, ஓலை என்பதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதலும் கேரளம் 2020 ஜனவரி 1 முதலும் தடை போட்டன. 2022 ஜூலை 1இல் வந்த நாடு தழுவிய தடையில், அலங்காரத் தெர்மோகோலும், இனிப்புப் பெட்டி மேலும் அழைப்பிதழ் மேலும் சுற்றும் பிளாஸ்டிக் தாளும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. எல்லைக்கு எந்தப் பக்கம் கல்யாணம் நடந்தாலும் ஓலைப் பெட்டிக்கு ஆட்சேபம் சொல்ல ஆளில்லை.

ஒரே சிக்கல், காலம். இங்கே இரண்டு மழை. இடவப்பாதி ஜூனில் தொடங்கும், துலாமழை அக்டோபரில். மலையாளிகளுக்கு விருப்பமான கல்யாண மாதமான சிங்கம், அதாவது ஆவணி, இரண்டுக்கும் நடுவில் வருகிறது. ஆடியில் ஓலை தேடினால் காய வெயில் இருக்காது. காயாத ஓலையில் பூஞ்சை பிடிக்கும். ஆவணிக் கல்யாணத்துக்குச் சித்திரையிலேயே ஓலையைக் காயவைத்துக் கட்டி வைத்துவிட வேண்டும். கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கும்போதே ஓலைக்கும் சொல்லி வைப்பது புத்திசாலித்தனம்.

சொல்லி வைக்க ஆள் வேண்டுமே என்பதுதான் பெரிய கவலை. பனையேறிகளின் பிள்ளைகள் பனை ஏறுவது அபூர்வமாகிவிட்டது. வளைகுடா வேலையும், படிப்பும், ரப்பர் தோட்டமும் அவர்களை மரத்திலிருந்து இறக்கிவிட்டன. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. தினமும் பலமுறை நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு ஏறி இறங்கும் தொழிலைப் பிள்ளைக்குக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? ஏற ஆளில்லாத மரம் செங்கல் சூளைக்கு விறகாகிறது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. சட்டம் மரத்தை நிற்க வைக்கலாம். ஓலை வெட்டுகிறவருக்கும் பின்னுகிற பெண்ணுக்கும் கூலி கிடைத்தால்தான் அந்த மரத்துக்கு ஊரில் மதிப்பு. நூறு பெட்டி வேண்டும் என்று ஒரு கல்யாண வீடு கேட்பது, அந்தக் கைகளுக்குச் சில வாரத்து வேலை.

வீட்டிலேயே பின்னுகிறவர்களுக்குக் கிடைப்பது வேறு. கல்யாணத்துக்கு முந்தின இரவு அக்கம்பக்கத்தார் கூடித் தேங்காய் துருவுவதும் காய் நறுக்குவதும் எல்லையின் இரு புறமும் இருந்த வழக்கம். கேட்டரிங்காரர்கள் வந்த பிறகு கத்தியோடு வந்த அயல்வாசிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இப்போது வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நடுவில் ஒரு கட்டு ஓலையைப் போட்டுவிட்டால் கதை மாறும். சித்திக்குப் பின்னத் தெரியாவிட்டாலும் பாட்டிக்குத் தெரியும். குருத்தோலை ஞாயிறன்று சிலுவை முடைந்து பழகிய சிறுவர்களின் விரலுக்கு இது புதிதும் அல்ல.

மணல் பாட்டில் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். முந்திரிக்கொத்து தீர்ந்த ஓலைப் பெட்டியிலோ ஊசியும் நூலும் ஏறும், அல்லது ரேஷன் கார்டு. வருஷக்கணக்கில் அது வீட்டில் புழங்கும். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கருப்புக்கட்டி வாசனை லேசாக வரும்.