கோடம்பாக்கத்தில் ஓர் இனிப்பு உலா

நாற்பது நாள் ஒறுத்தலை விதித்த திருச்சபைத் தாய், அதன்பின் ஐம்பது நாள் மகிழ்ச்சியையும் வகுத்துத் தந்திருக்கின்றாள். நம் மக்களோ தவக்காலத்தை நினைவில் கொள்ளும் அளவுக்குப் பாஸ்கா காலத்தை நினைவில் கொள்வதில்லை. சாம்பல் புதனுக்கு வரும் கூட்டம் உயிர்ப்பின் இரண்டாம் ஞாயிற்றில் எங்கே போய்விடுகின்றதோ, நாம் அறியோம்! ஆகவே அந்த நாள்களில் ஒரு ஞாயிறு பிற்பகல், கோடம்பாக்கத்து இனிப்புக் கடைகளுக்குக் கால்நடையாகவே சென்று சுவைத்து வருவோம் என இளைஞர் கேட்டபோது, தடையேதும் சொல்லாமல் இசைந்தோம். விதி ஒன்றே ஒன்று: கடைக்கு ஒரு பண்டம், அதை அனைவரும் பகிர்ந்துண்ண வேண்டும்.

நாம் மொத்தம் பதினொருவர். இளைஞர் ஐவர், மரியாயின் சேனைத் தாய்மார் மூவர், நாம், இவர்களோடு முதியவர் ஒருவரும் அவர் மகளும். அப்பெரியவர் வடபழனிப் படப்பிடிப்பு நிலையங்களில் நாற்பதாண்டுகள் விளக்குகளைத் தூக்கி நிறுத்தியவர். விஜயா வாகினி நிலம் மருத்துவமனையாகவும் பேரங்காடியாகவும் மாறியதைக் கண்ணெதிரே கண்டவர். சர்க்கரை நோயால் இடது காலில் இரு விரல்களை இழந்திருக்கின்றார். “டாக்டர் நடக்கச் சொன்னாரே, நடக்கத்தானே வருகிறேன்” என்று கைத்தடியோடு வந்து நின்றார். மகள் நம்மைப் பார்த்தாள். நாம் மெட்ரோ தூண்களைப் பார்த்தோம்.

பவர் ஹவுஸ் நிறுத்தத்தின் அருகே முதற் கடை. கடைகளின் பெயரைக் கூறப்போவதில்லை. மறைமாவட்ட ஏடு விளம்பரப் பலகை அன்று. அங்கே மைசூர் பாகு. மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனைச் சமையற்காரர் காகாசுர மாதப்பா என்பவர் இதை முதன்முதலிற் கிண்டினார் என்பர். கடலைமாவும் சர்க்கரைப் பாகும் கொதிக்கையில் காய்ந்த நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்ற, அது பொங்கி நுரைத்துத் தேன்கூடு போலத் துளைவிடும். அத்துளையுள்ள, கடித்தால் ‘கறுக்’ என்னும் பாகுதான் நம் இளமையில் நாம் கண்டது. 1948-இல் கோவையில் தோன்றிய ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸ் ‘மைசூர்பா’ என்று பரப்பிய, நாவில் வைத்ததும் கரையும் வகையே இன்று எங்கும் ஆட்சி செய்கின்றது. இளைஞர் அதையே புகழ்ந்தனர். பல் உள்ளவர்கள் மென்மையை நாடுவதும், பல் போனவர்கள் கடினத்திற்கு ஏங்குவதும் விந்தைதான்.

அடுத்த கடையில் அல்வா. கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்கில் கிளறுவது அது. அடுப்பின்முன் நின்று துடுப்புப் போடும் ஒருவரைக் கதவிடுக்கில் கண்டோம். நெல்லையின் புகழ்பெற்ற இருட்டுக்கடையைத் தொடங்கியதே ராஜஸ்தானத்திலிருந்து வந்த குடும்பம் என்று நாம் சொன்னபோது, நெல்லைக்காரத் தாய் ஒருவர் முகம் சுருங்கிற்று. “ஆற்றுத் தண்ணீர் நம்முடையதுதானே, சாமி!” என்றார்.

அங்கேதான் பெரியவர் கேட்டார்: “சாமி, ஒரு துளி தின்றால் பாவமா?”

எல்லாரும் நம்மையே நோக்கினர். புனித அகுஸ்தீனார் தம் ஆன்ம வரலாற்று நூலின் பத்தாம் பகுதியில், உணவை மருந்தாகவே உட்கொள்ளக் கற்றும், பசி தீரும் அந்த வழியிலேயே இன்பம் கண்ணி வைத்துக் காத்திருப்பதாக வருந்துகின்றார். அத்துணைப் பெரிய ஞானிக்கே அப்பாடு என்றால், நெய் மணக்கும் கடைவாசலில் நிற்கும் முதியவருக்கு நாம் என்ன சொல்ல? “பாவமா என்பதை நம்மிடம் கேளுங்கள், ஐயா, பாவமில்லை. தின்னலாமா என்பதை மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள்” என்றோம். மகள் சற்றுத் தயங்கி, கடலைப் பருப்பளவு கிள்ளி அவர் நாவில் வைத்தாள். கண்மூடி நெடுநேரம் வைத்திருந்தார். “நெய் குறைச்சல்” என்றார்.

நகைத்தோம். ஆயினும் இது நகைப்புக்குரிய செய்தியன்று. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு, நாட்டில் நீரிழிவு உற்றோர் 10 கோடிக்கு மேல் எனக் கணித்துள்ளது. திருமணம், புதுநன்மை, பங்குத் திருவிழா என எதற்கும் இனிப்புப் பெட்டி வழங்கும் நாம், பெட்டியைத் திறந்து பார்த்து மூடிவைக்கும் கைகளை எண்ணுவதில்லை.

மூன்றாவதாக ஓர் அடுமனை. அங்கே தூத்துக்குடி மக்ரூன் கிடைத்தது. முட்டையின் வெண்கரு, சர்க்கரை, முந்திரி; இம்மூன்றே. அடித்து நுரையாக்கிக் கூம்பு கூம்பாகப் பிழிந்து மெல்லிய சூட்டில் உலர்த்துவர். முந்திரி பிரேசில் நாட்டு மரம்; போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் அதை இங்குக் கொணர்ந்தனர். புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்ததும் அவர்தம் கப்பல் வழியேதான். அந்நாட்டுக் கன்னியர் மடங்களில் வெண்கருவைத் துணிக்குக் கஞ்சியிடச் செலவிட்டு, எஞ்சிய மஞ்சட் கருவால் புகழ்பெற்ற இனிப்புகளைச் செய்தனர். நம் கடற்கரையிலோ வெண்கருவே இனிப்பாயிற்று! பாதாமுக்கு ஈடாக முந்திரி அமர்ந்தது. விசுவாசம் மட்டுமன்றி அடுப்படியும் இம்மண்ணின் இயல்புக்கேற்ப உருமாறியதை அந்த வெண்கூம்பில் கண்டு நாம் சற்று நின்றுவிட்டோம். அதற்குள் இளைஞர் அதைத் தீர்த்துவிட்டனர்.

இறுதியாக டிரஸ்ட்புரத்தில் ஒரு சந்து. நம் பங்கைச் சேர்ந்த கைம்பெண் ஒருவர் வீட்டிலேயே அதிரசம் சுட்டு விற்கின்றார். பச்சரிசியை ஊறவைத்து ஈரமாக இடித்து, வெல்லப் பாகைத் தக்க பதத்தில் இறக்கி, பிசைந்த மாவை ஓரிரு நாள் வைத்திருந்து சுட வேண்டும். பாகு முற்றினால் கல். இளகினால் எண்ணெயில் பிரிந்துபோகும். வெல்லமாயிற்றே, சர்க்கரை நோய்க்குத் தீங்கில்லை என்று ஒரு தாய் சொல்ல, மருந்தகத்தில் பணிபுரியும் இளைஞன், “அதுவும் பெரும்பாலும் சர்க்கரைதான், அம்மா” என்று திருத்தினான்.

ஒன்று 15 ரூபாய் என்றார் அவ்வம்மையார். “இருபது வாங்குகிறோம், பன்னிரண்டு ரூபாய்க்குக் கொடேன்” என்றார் நம் தாய்மாருள் ஒருவர். நாம் திடுக்கிட்டோம். அல்வாக் கடையில் மின்தராசு காட்டிய தொகையை மறுபேச்சின்றித் தந்தவர் இவரே. குளிரூட்டிய கடையில் எழாத பேரம் சந்து வீட்டில் ஏன் எழ வேண்டும்? நெகேமியா நூலில், மறைநூல் வாசிக்கக் கேட்டு அழுத மக்களை நோக்கி, இனியதை உண்ணுங்கள், தமக்கென ஏதும் இல்லாதவர்க்கும் பங்கு அனுப்புங்கள் என்று பணிக்கப்படுகின்றது. அதை அவ்விடத்திலேயே கூறலாமா என எண்ணினோம். மறையுரைக்கு அது இடமன்று. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

பெரியவர் முந்திக்கொண்டார். “பதினைந்தே போடம்மா. என்னால் தின்ன முடியாது, என் பங்கையும் சேர்த்துக் கணக்குப் போடு” என்று சட்டைப் பையிலிருந்து முந்நூறு ரூபாயை எடுத்து வைத்தார். பேரம் பேசிய தாய் சிவந்த முகத்துடன், “நான் தருகிறேன், அண்ணா” என்று தம் பணப்பையைத் திறந்தார். இருவருக்கும் வழக்கு மூண்டது. அவ்வம்மையார் எண்ணெய்க் கரண்டியை இறக்காமலே, “இருபது அவங்களுக்கு, இருபது உங்களுக்கு, நாற்பதாகச் சுட்டுத் தருகிறேன், கொஞ்சம் உட்காருங்க” என்றார்.

வாசற்படியில் அமர்ந்தோம். நாற்பதும் சுட்டு முடிகையில் தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது.