அமீனா வரும்வரை இரு என்கிறார்கள்

ஸ்ரீரங்கத்து உறவுகளுக்கும் திருச்சி நண்பர்களுக்கும்,

செவ்வாய்க்கிழமை இங்கே லண்டனில் எங்கள் பகுதி கவுன்சில் அலுவலகத்துக்கு ஒரு பெண்ணுக்குத் துணையாகப் போயிருந்தேன். கவுன்சில் என்றால் நம் மாநகராட்சி மாதிரிதான். குப்பை அள்ளுவது, நூலகம் நடத்துவது போல, வீடு இழந்தவர்களுக்கு வழி செய்வதும் அதன் வேலை. அந்தப் பெண் யாழ்ப்பாணத்துக்காரி, கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். வாடகைக்கு இருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து, அந்தக் கெடுவும் முடிந்துவிட்டது. வேறு வீடு கிடைக்கவில்லை. கிடைத்த இடங்களிலெல்லாம் கேட்கும் வாடகை அவள் சம்பளத்தை முழுங்கிவிடும்.

கவுன்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். நோட்டீஸ், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிக் கடிதம் எல்லாம் வாங்கிப் பார்த்தார். பிறகு, இப்போதைக்கு வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள், வீட்டைக் காலி செய்விக்கக் கோர்ட் அமீனா வரும் நாளில் வாருங்கள், அன்று பார்க்கலாம் என்றார்.

"என்ன சொல்லினம் அக்கா?"

சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "சாமானைத் தூக்கி வெளியில வைக்கும்வரைக்கும் இருக்கட்டாமோ? பிள்ளையள் அதைப் பாத்துக்கொண்டு நிக்கோணுமோ?"

இந்த விதியைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது. இங்கிலாந்தில் வீடற்றவர்களுக்கு உதவுவதைக் கவுன்சிலின் கடமை ஆக்கியது 1977-ஆம் ஆண்டுச் சட்டம். இப்போது நடப்பில் இருப்பது 1996-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம். 2017-இல் அதைத் திருத்தி, 56 நாளுக்குள் வீடு போகும் நிலையில் ஒருவர் வந்தாலே உதவியைத் தொடங்கிவிட வேண்டும் என்று வைத்தார்கள். ஆனால் தங்க இடம் கொடுப்பதற்குத் தனியாக ஒரு சோதனை இருக்கிறது. வீடு இல்லை என்று கவுன்சில் ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளைகள், கர்ப்பம், நோய் என்று முன்னுரிமைக்கு ஒரு காரணம் வேண்டும். அந்தப் பகுதியோடு தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கடைசி 12 மாதத்தில் 6 மாதமாவது அங்கே குடியிருந்திருந்தால் பொதுவாக ஒப்புக்கொள்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டை நீங்களாக விட்டுவிட்டு வந்திருக்கக் கூடாது. வந்தால் "வேண்டுமென்றே வீடற்றவர்" என்று எழுதிவிடலாம். எழுதிவிட்டால் நிரந்தர வீடு தேடித்தரும் கடமையிலிருந்து கவுன்சில் தப்பித்துக்கொள்ளும்.

ஆகவே நோட்டீஸ் முடிந்தாலும் நகரக் கூடாது. வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போவார், உத்தரவு வாங்குவார், அந்தச் செலவும் குடியிருப்பவர் தலையில் விழும், பிறகு அமீனா தேதி கொடுப்பார். மாதக்கணக்கில் இழுக்கும். இத்தனைக்கும் அரசின் வழிகாட்டிக் கையேடே கோர்ட் வாரன்ட் வரும்வரை ஒருவரை அந்த வீட்டில் இருக்கச் சொல்வது நியாயம் ஆகாது என்கிறது. காரணமே சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் இந்த 21-ஆம் பிரிவு நோட்டீஸ் 2026 மே 1 முதல் கிடையாது. இவளுக்கு வந்தது அதற்கு முந்தையது, அதனால் அவளுக்குப் பயனில்லை.

கவுன்சில்களிடம் வீடு இல்லை என்பது உண்மை. 1980 முதல் கவுன்சில் வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே சலுகை விலையில் விற்றார்கள், விற்ற அளவுக்குத் திரும்பக் கட்டவில்லை. இன்று இங்கிலாந்தில் 1,20,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் தற்காலிக இடங்களில் இருக்கின்றன. அமீனாவுக்காகக் காத்திருக்கச் சொல்வதால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சில வார ஹோட்டல் வாடகை மிச்சம். அந்த மிச்சத்தை இந்தப் பெண்ணின் ஒன்பது வயது மகளின் பயத்திலிருந்து பிடிக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அமீனா வந்த பிறகும் சுகம் இல்லை. பிள்ளைகள் உள்ள குடும்பத்தை ஹோட்டல் அறையில் 6 வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது, அது மீறப்படுவதும் நடக்கிறது. அப்படி ஓர் அறைக்குப் போயிருக்கிறேன். தாயும் மூன்று பிள்ளைகளும். இரண்டு கட்டில், நடுவில் நடக்க இடமில்லை. அடுப்பு கிடையாது, ரைஸ் குக்கர் வைக்கக் கூடாது என்று கதவில் ஒட்டியிருந்தார்கள். கெட்டிலில் வெந்நீர் போட்டு நூடுல்ஸை ஊறவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் அந்தத் தாய். வேறு ஊருக்கே அனுப்பிவிடுவதும் உண்டு. வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் ஒரு தாயையும் பிள்ளைகளையும் மில்டன் கீன்ஸ் பக்கம் போகச் சொன்ன வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2015-இல் கவுன்சில் தோற்றது.

அப்போதெல்லாம் எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வரும். ஸ்ரீரங்கம் கோயிலில் 2012-லிருந்து நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது. இலை முன் உட்கார்ந்தவரிடம் எந்த ஊர், எத்தனை மாதமாக இருக்கிறாய் என்று கேட்பதில்லை. காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் இரவு தங்கியவரை, வீட்டைவிட்டு ஏன் வந்தாய் என்று கேட்டு யாரும் தாள் நிரப்பியதில்லை. சோறும் படுக்க இடமும் முதலில், விசாரணை அப்புறம். இந்த வரிசையை நான் பெருமையாகவே சொல்வேன்.

அது பழக்கத்தோடு நிற்கவில்லை, சட்டமாகவும் இருக்கிறது. 2010-இல் உணவு உரிமை வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஓர் இரவுக் காப்பகம் வேண்டும் என்றது. 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், 24 மணி நேரமும் ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும், வீடற்றோர் கூடும் இடங்களுக்குப் பக்கத்திலேயே அமைய வேண்டும் என்று விதி வகுத்தது. 2011 கணக்குப்படி திருச்சி மாநகராட்சியில் ஏறக்குறைய 9 லட்சம் பேர். அப்படியானால் ஒன்பது காப்பகம் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கவுன்சில் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் நான் திருச்சிக்காரி என்று தெரிந்ததும் அந்த யாழ்ப்பாணப் பெண், சின்ன வயதில் கொட்டப்பட்டு அகதிகள் முகாமில் இருந்ததாகச் சொன்னாள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதுதான். பத்துக்குப் பத்து அறை, மழை பெய்தால் ஒழுகும், வரிசையில் நின்று தண்ணீர். "அங்கயும் தற்காலிகம் எண்டுதான் சொன்னவை அக்கா" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. தற்காலிகம் என்று தந்த அறைகளில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து பிள்ளையும் பெற்றுவிட்ட பிறகு, 2021-இல்தான் தமிழ்நாடு அரசு முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதாக அறிவித்தது. நம் ஊர் அதை இவ்வளவு தாமதமாகச் செய்தது எனக்கு வருத்தம்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெரிய திருவிழாக்களுக்கு முன்னால் அம்மா மண்டபப் படித்துறையில் படுத்திருப்பவர்களை எழுப்பி அப்புறப்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். கூட்டம் போனதும் அவர்கள் அதே இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். 1994-இல் ஸ்ரீரங்கம் நகராட்சி மாநகராட்சியோடு சேர்ந்த நாளிலிருந்து அவர்களுக்குப் பொறுப்பு மாநகராட்சிதான். அம்மா மண்டபத்திலும் சத்திரம் பேருந்து நிலையத்திலும் ஜங்ஷனிலும் பக்கத்துக் காப்பகத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி இடம் இருக்கிறதா என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். வைகுண்ட ஏகாதசிக்கு முன்னால் அவர்களை எழுப்பும்போது காப்பகத்துக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். நானும் மாநகராட்சிக்கு எழுதியிருக்கிறேன்; அங்கே இருக்கும் நீங்கள் நேரில் போய்க் கேட்டால் இன்னும் சீக்கிரம் நடக்கும்.